பச்சை உடம்பு

குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் காலையில், திருநெல்வேலியில் அம்மா வீட்டுப் பின்கட்டில், காபி குடித்த டம்ளரைக் கழுவலாம் என்று குழாயைத் திறந்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி மதிலுக்கு அப்பாலிருந்து, “பச்ச ஒடம்புக்காரி தண்ணியில கை வைக்காதட்டி, போய்ப் படு” என்று அதட்டினார். நான் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். படுத்தபிறகு அழுகை வந்தது. பிரசவித்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அம்மா தலையைத் தடவினார். காரணம் வேறு என்று அவரிடம் சொல்லவில்லை. “போய்ப் படு” என்ற இரண்டு சொற்களை, சந்தேகமோ கேலியோ கலக்காமல், ஐந்து ஆண்டுகளில் முதன்முறையாக ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

2017ஆம் ஆண்டு தமிழ்நாடெங்கும் டெங்கு பரவியபோது எனக்கும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, களைப்பு விடவில்லை. ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி, பி12 என்று பார்க்காத பரிசோதனை இல்லை; எல்லாம் சரியாகவே இருந்தன. இந்தக் களைப்பு நோயை உறுதிசெய்யத் தனி இரத்தப் பரிசோதனை எதுவும் இன்றுவரை கிடையாது என்பதும், மற்ற நோய்களை விலக்கி, அறிகுறிகளைக் கேட்டறிந்துதான் முடிவுக்கு வர வேண்டும் என்பதும் எனக்கு 2019இல்தான் தெரிந்தது. அந்த ஆண்டு பார்த்த மருத்துவர் ஒருவர், அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2015இல் வெளியிட்ட அறிக்கையின் அளவுகோல்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார்: ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் களைப்பு, உழைத்தபின் வரும் சரிவு, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, இவற்றோடு மறதியும் குழப்பமும் அல்லது நிமிர்ந்து நின்றால் வரும் தள்ளாட்டம். எனக்கு எல்லாமே இருந்தன. மருத்துவ உலகில் இதற்கு எம்.இ. (மயால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ்) என்றும் சி.எஃப்.எஸ். (நாட்பட்ட களைப்பு நோய்) என்றும் பெயர். வீட்டில் இதை நாங்கள் ‘அந்தக் களைப்பு’ என்று சொல்வோம்.

இதில் பிறருக்குப் புரியவைக்கக் கடினமானது அந்தச் சரிவுதான். திங்கட்கிழமை நான் சந்தைக்குப் போய்வந்தால் அன்று மாலை நன்றாகவே இருப்பேன்; புதன்கிழமை காலையில் பல் துலக்கக் கை தூக்க முடியாது. உழைப்புக்கும் அதன் விலைக்கும் நடுவே ஒருநாள், சிலசமயம் இரண்டு நாள் இடைவெளி இருப்பதால், பார்ப்பவர்கள் சந்தையையும் படுக்கையையும் இணைத்துப் பார்ப்பதில்லை. நோயைக் கண்டறிவதற்கு முன்பு இன்னொரு மருத்துவர், வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டிக் கூட்டி நடக்கச் சொன்னார். சொன்னபடி நடந்து, நான்காம் வாரத்தில் விழுந்து, மூன்று வாரம் எழவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், இப்படிப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை இந்த நோயாளிகளுக்கு அளிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததைப் படித்தபோது, மகிழ்ச்சியைவிடக் கோபமே அதிகம் வந்தது.

2022இல் கருவுற்றபோது எனக்கு வயது முப்பத்தொன்று. இந்த நோயோடு கருவுற்றவர்களைப் பற்றிய ஆய்வுகள் மிகக் குறைவு. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்ப காலத்தில் நோய் அப்படியே இருந்தது என்றவர்கள் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு. குறைந்தது என்றவர்களும் கூடியது என்றவர்களும் ஏறத்தாழ முப்பது முப்பது விழுக்காடு. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு மோசமானது என்றவர்கள் பாதிப்பேர். இதைக் கணவரிடம் வாசித்துக் காட்டியபோது அவர் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப நாம பிறகுக்குத்தான் பணம் சேக்கணும்” என்றார். சீமந்தச் செலவைக் குறைத்து, பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு மாதங்களுக்கு வேலைக்கு ஆள் வைக்கப் பணம் ஒதுக்கினோம். நாங்கள் எடுத்த முடிவுகளில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் மூன்று மாதங்கள் வாந்தியோடும் படுக்கையோடும் போயின. அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் மாடிப்படியை நிற்காமல் ஏறிவிட்டு, ஏறியதை மேலே போனபிறகே உணர்ந்தேன். கர்ப்பத்தின் போக்கில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி மடங்கு வரை கூடுகிறது என்றும், நின்றால் தள்ளாடுகிறவர்களுக்கு அதுவே தற்காலிகத் துணையாக அமையக்கூடும் என்றும் மகப்பேறு மருத்துவர் சொன்னார். காரணம் எதுவாக இருந்தாலும் அந்தப் பத்து வாரங்களை நான் கடன் வாங்கிய பணத்தைப் போலப் பயந்து பயந்து செலவழித்தேன். கையில் கட்டியிருந்த கடிகாரமும் அப்போது உதவவில்லை. நாடித்துடிப்பு 110ஐத் தாண்டினால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். கர்ப்பத்தில் எல்லோருக்குமே துடிப்பு பத்து முதல் இருபது வரை கூடிவிடுவதால், சும்மா நின்று தோசை சுட்டாலே அது அலறியது.

எட்டாம் மாதத்தில் அறிவுரைகள் தொடங்கின. நன்றாக நடந்தால்தான் சுகப்பிரசவம், குனிந்து வீட்டைத் துடைத்தால் இடுப்பு விரியும், எங்கள் காலத்தில் வலி எடுக்கிற வரைக்கும் வயலில் நின்றோம் என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆரோக்கியமான உடம்புக்கு அது நல்ல அறிவுரைதான். வளைகாப்பன்று மட்டும் நான் தந்திரம் செய்தேன்: நாற்காலியில் உட்காரவைத்து வளையல் போடும் சடங்கு என்பதால், அந்த இரண்டு மணி நேரமும் யாருடைய அனுமதியும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பிரசவத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதினான்கு மணி நேர வலிக்குப் பிறகு அறுவை செய்து எடுத்தார்கள். பையன், இரண்டே முக்கால் கிலோ.

பச்சை உடம்பு என்பது அதன் பிறகுதான் தொடங்கியது. கருப்பட்டியும் சுக்கும் திப்பிலியும் ஓமமும் இடித்துக் கிளறிய லேகியம் காலையில், பூண்டுக் குழம்பு மதியம், குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்ட ஓர் அம்மாள், சாம்பிராணிப் புகை, நாற்பது நாள் வரை வாசல்படி தாண்டாத விரதம். இந்தப் பத்தியங்களில் பாதிக்கு எனக்கு நம்பிக்கையில்லை. தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்பதை நான் மீறினேன், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்துக் குடித்தேன். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் விதி, பெற்றவளைப் படுக்க விட வேண்டும், மற்ற வேலையை ஊர் பார்த்துக்கொள்ளும் என்பது, என் நோய்க்கு எந்த மருத்துவரும் எழுதித் தராத மருந்துச் சீட்டாக இருந்தது.

பிறந்த குழந்தை ஒருநாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்கும். ஒருமுறைக்கு அரை மணி என்று வைத்தாலும் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். என்னால் தொடர்ந்து உட்கார முடிவது இருபது நிமிடம். ஒருக்களித்துப் படுத்தபடி பால் கொடுக்க அம்மா பழக்கினார். அடுத்து அவர் செய்ததுதான் என்னைக் காப்பாற்றியது. தன்னுடைய பழைய சுங்குடிச் சேலையில் தூளி கட்டியவர், தூளியின் அடிப்பக்கத்தில் கொடிக்கயிறு ஒன்றை முடிந்து, மறுமுனையை என் கட்டில்கால் வரை கொண்டுவந்தார். படுத்தபடியே கயிற்றை இழுத்துவிட்டால் தூளி ஆடும். கை ஓய்ந்தால் கட்டைவிரலிடுக்கில் மாட்டிக் காலால் இழுப்பேன். அந்தக் காலத்தில் காய் நறுக்கிக்கொண்டே தூளி ஆட்ட அவருடைய அம்மா இப்படிச் செய்வாராம். அம்மாவுக்கு வயது அறுபத்தொன்று, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இரவு முழுவதும் அவரால் எழ முடியாது என்று தெரிந்ததும், ஆறாம் வாரத்திலிருந்து இரவில் ஒருவேளை புட்டிப்பால் என்று முடிவு செய்தோம். இதற்காகச் செவிலியர் ஒருவர் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. தாய்ப்பாலின் அருமை எனக்குத் தெரியும். தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்கினால்தான் மறுநாள் பால் கொடுக்க நான் இருப்பேன் என்பது அவருக்குத் தெரியவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் தலைக்கு ஊற்றினார்கள். மறுநாளிலிருந்து பார்வைகள் மாறின. நோய்க்கு அது தெரியாது. சொல்லப்போனால் மூன்றாம் மாதத்தில்தான் நான் மிக மோசமாக விழுந்தேன், அந்த 2004 ஆய்வில் மோசமானது என்ற பாதிப்பேரில் நானும் சேர்ந்தேன். என்னோடு முன்பு கல்லூரியில் பணியாற்றிய தோழி அதே சமயத்தில் 26 வார மகப்பேறு விடுப்பில் இருந்தாள். 2017இல் சட்டத்தைத் திருத்தி அதைக் கூட்டினார்கள். களைப்பால் நான் வேலையை விட்டபோது இந்த நோய்க்கென ஒருநாள் விடுப்பு தரும் சட்டம்கூட இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் இருபத்தொரு வகைப் பட்டியலிலும் இந்த நோயின் பெயர் இல்லை. குழந்தைக்காகப் படுத்தால் தாய். நோய்க்காகப் படுத்தால் சோம்பேறி. இரண்டுக்கும் நான் படுத்தது ஒரே கட்டில்தான்.

ஆறாம் மாதம் கோயம்புத்தூர் திரும்பினோம். அம்மா கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் குழந்தையின் துணிப்பையில் வைத்தனுப்பினார். அடுக்குமாடி வீட்டில் கொக்கி இல்லாததால் கணவர் ஆளை வரவழைத்து மேல்தளத்தில் துளைபோட்டு மாட்டினார்.

அடுத்த மாதம் மாமியார் ஊரிலிருந்து வந்தார். பெட்டியை இறக்கிவைத்ததும் தூளியிலிருந்து கட்டிலுக்கு ஓடும் கயிற்றைப் பார்த்தார். “இது எதுக்கும்மா? எழுந்துபோய் ஆட்டினா என்ன?” என்று கேட்டார். டெங்கு, அளவுகோல்கள், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் அவருக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறேன். நான்காம் முறைக்கு அன்று என்னிடம் மூச்சு இல்லை.

“பச்ச உடம்பு அத்தை” என்றேன்.

அவர் ஒருகணம் என்னையும் தூளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விரல்விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினார்.