ரேட்டு ஸ்க்ரூவுக்கு மட்டும்தான் சார்

அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பல் போய் மூன்று வருஷம். கழற்றி மாட்டும் பல்செட் குமட்டுகிறது என்று அதை டம்ளரில் போட்டு மூடிவிட்டாள். முறுக்கு கேட்கவில்லை, சுண்டலாவது மென்று தின்ன வேண்டும் என்றாள். சரி, கழற்றாமல் நிலையாக நிற்கும் இம்பிளான்ட் போட்டுவிடலாம் என்று திருச்சி தில்லைநகர்ப் பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போனோம். பெயர் வேண்டாம்.

ஒரு இம்பிளான்ட் 28,000, இரண்டுக்கு 56,000. ரிசப்ஷனில் இருந்த பெண் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார், வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். பாதிப் பணத்தை அன்றைக்கே கட்டினேன்.

கையெழுத்து வாங்கிய விதத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அம்மா அந்தச் சாய்வு நாற்காலியில் படுத்தாயிற்று. கழுத்தில் நீலப் பேப்பர் துணி. மூக்குக்கண்ணாடி என் சட்டைப் பையில். உதவியாளர் மூன்று தாள் செருகிய அட்டையை நீட்டி, "இங்க, இங்க, கடைசிப் பக்கத்துல ஒண்ணு" என்றார். முழுக்க ஆங்கிலம். அம்மா தமிழில் மூன்று முறை தன் பெயரை எழுதினாள். படிக்கத் தெரிந்த நானும் படிக்கவில்லை.

தாடை எலும்பில் ஸ்க்ரூ போட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீக்கம்கூட இரண்டே நாளில் வடிந்துவிட்டது. எலும்பு பிடிக்கட்டும் என்று நான்கு மாதம் விட்டார்கள். மீதிப் பணத்தையும் கட்டி முடித்தோம். ஸ்க்ரூவுக்கு மேலே பல் வடிவ கேப் போடப் போன அன்றுதான் சேதி வந்தது. "அந்த ரேட்டு ஸ்க்ரூவுக்கு மட்டும்தான் சார். அபட்மென்ட், கேப் தனி. பல்லுக்கு 17,000."

எங்களுக்கு இம்பிளான்ட் என்றால் பல். அவர்களுக்கு எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் ஸ்க்ரூ. அதன் மேல் நிற்கும் துண்டு அபட்மென்ட், அதற்கு மேல்தான் நாம் மெல்லுகிற கேப். மருத்துவ அர்த்தத்தில் அவர்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் ஈறுக்குள் ஒரு ஸ்க்ரூ இருந்தால் போதும் என்று யாராவது 56,000 கட்டுவார்களா?

பெரியப்பா மகன் வக்கீல். மூன்று தாளையும் மேசையில் தனித்தனியாகப் பரப்பினான். "முதல் ரெண்டு பக்கம் சம்மதம். உடம்புல கை வைக்க அனுமதி, அவ்வளவுதான். மூணாவதுதான் காசு. ரெண்டும் வேற வேற. நீங்க எல்லாத்தையும் அக்ரிமென்ட்டுனு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க."

சம்மதத்துக்கு அவன் சொன்னது 2008 சமீரா கோலி வழக்கு. பரிசோதனைக்கென்று சம்மதித்து மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் கேட்டுக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எதற்குச் சம்மதித்தாரோ அதற்கு மட்டும்தான் அது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அடுத்து 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய வரி, எங்கள் ஸ்க்ரூவுக்கென்றே எழுதியதுபோல் இருந்தது.

டாக்டர்மேல் நுகர்வோர் புகார் கொடுக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். 1995இல் சாந்தா வழக்கில் அதற்கும் தீர்ப்பு வந்திருக்கிறது. "நாம டாக்டருக்கு முதலாளி இல்ல, அவர் நம்மகிட்ட சம்பளத்துக்கு இருக்கிறவரும் இல்ல. காசு வாங்கிக்கிட்டுத் தர்ற சேவை. அதனால நுகர்வோர் சட்டத்துக்குள்ள வந்துடும்" என்றான். குணமாகும் என்று டாக்டர் உத்தரவாதம் தருவதில்லை, தகுந்த திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும் என்பதே அந்த எழுதாத ஒப்பந்தம் என்றும் சொன்னான்.

மூன்றாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், வழக்கு எதுவானாலும் அவர்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில்தான் என்று ஒரு வரி. அதைப் பார்த்துச் சிரித்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

கேப்பை மட்டும் வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாமே என்று இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் வாயைப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனி, என்ன சைஸ்னு தெரியாம நான் கை வைக்க முடியாதும்மா. ஸ்டிக்கர் குடுத்தாங்களா?" என்றார். ஸ்க்ரூ வரும் பெட்டியில் கம்பெனி, அளவு, லாட் நம்பர் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர் இருக்குமாம். அது இல்லாவிட்டால் பொருந்தும் அபட்மென்ட்டைத் தேடி அலைய வேண்டும். எங்களுக்கு யாரும் தரவில்லை. இம்பிளான்ட் போட்டுக்கொள்கிறவர்கள் பில்லுக்கு முன்னால் அந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய கிளினிக்கையே போனில் கேட்டேன், "பார்த்துச் சொல்றோம்" என்றே இரண்டு வாரம் ஓடியது. பிறகு தமிழிலேயே ஒரு பக்கக் கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். கூடவே அந்த வாட்ஸ்அப் செய்தியின் பிரின்ட்: "2 பல் இம்பிளான்ட் மொத்தம் 56,000". ஸ்க்ரூ என்ற சொல்லே அதில் இல்லை. பல் என்று இருந்தது, மொத்தம் என்றும் இருந்தது. வக்கீல் அண்ணன் அந்த இரண்டு சொல்லையும் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்தான்.

ஐந்தாம் நாள் டாக்டரே கூப்பிட்டார். அபட்மென்ட்டுக்குப் பணம் வேண்டாம், கேப்புக்கு லேப் செலவு மட்டும் பல்லுக்கு 6,000 என்று முடிந்தது. ஆணையத்துக்குப் போயிருந்தால் அதையும் மிச்சப்படுத்தியிருக்கலாம் என்று அண்ணன் இன்னும் சொல்கிறான். அம்மாவுக்குச் சுண்டல் அவசரம்.

கேப் மாட்டும் அன்று மறுபடி அதே அட்டை வந்தது. அம்மா என் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றாள். இருபது நிமிஷம் ஆனது. ஜிர்கோனியா (ஒரு வகைப் பீங்கான்) கேப்புக்கு 5 வருஷ வாரன்ட்டி, கேப் உடைந்தால் மட்டும் என்று உதவியாளர் படித்தார்.

"அப்ப ஸ்க்ரூ ஆடுனா?"

உதவியாளர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பேனாவை வாங்கி, ஓராண்டுக்குள் ஸ்க்ரூ ஆடினால் கட்டணமின்றி மாற்றித் தரப்படும் என்று தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். அந்தத் தாளும், கேட்டு வாங்கிய இரண்டு ஸ்டிக்கரும் இப்போது அம்மாவின் ரேஷன் கார்டு கவருக்குள் இருக்கின்றன.