காசும் வேணாம், வந்து பார்க்கவும் வேணாம்

இலங்கையில மட்டக்களப்பு மாவட்டம், களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு சட்டத்தரணிட ஒபிஸ்ல கிளாக்கா இருக்கன். தாபரிப்பு (பிள்ளைக்கோ மனிசிக்கோ மாசாமாசம் கட்டுற செலவுக் காசு) வழக்கெண்டு வாற ஆக்கள் சேரைக் காண முதல் என்ட மேசையடியிலதான் குந்துவாங்க, அழுகை, ஏச்சு எல்லாம் முதல்ல எனக்குத்தான். வாவிக்கு அங்கால படுவான்கரையிலிருந்து குருமண்வெளிப் பாதை (ஆக்கள ஏத்தி வாவியக் கடக்கிற மிதவை) ஏறி வாற பொம்புளையள் கனபேர்ட பேக்குக்குள்ள ஒரு கடதாசி கிடக்கும், நாலா மடிச்சு மடிப்பெல்லாம் கிழிஞ்சு போய், ஊர்ப் பெரியாக்கள் முன்னாலயோ பொலிசிலயோ ரெண்டு பேரும் கையெழுத்து வச்சது. "பிள்ளைச் செலவு கேக்க மாட்டன், அவர் பிள்ளையப் பார்க்க வரவும் கூடாது". எழுதக்குள்ள ஆத்திரம், மறுகா ஜனவரில சப்பாத்து, கொப்பி, கிளாஸ் காசு எண்டு வரக்குள்ளதான் அதுட பாரம் விளங்கும்.

நான் கண்ட சிக்கல்ல பாதி இந்த ஒரு வரியாலதான். காசையும் பார்க்கிறதையும் ஒரு தராசில வச்சு நிறுக்காங்க. தாபரிப்பு பிள்ளைட காசு, அத வேணாமெண்டு எழுதிக் குடுக்க தாய்க்கு உரிமையில்ல. அதேமாதிரி தகப்பன் காசு கட்டல்ல எண்டதுக்காக பிள்ளைய ஒளிச்சு வைக்கவும் ஏலா. ரெண்டும் வேற வேற விசயம், போற கோர்ட்டும் வேற: தாபரிப்பு நீதவான் நீதிமன்றத்துல, பிள்ளை ஆரோட இருக்கிற, ஆர் எப்ப வந்து பார்க்கிற எண்டது மாவட்ட நீதிமன்றத்துல.

1889 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்த எடுத்துப்போட்டு வந்ததுதான் 1999 ஆம் ஆண்டு 37 ஆம் இலக்க தாபரிப்புச் சட்டம். வசதியிருக்கிற தாயும் பொறுப்பு, தகப்பனும் பொறுப்பு, கலியாணம் எழுதாமப் பிறந்த பிள்ளைக்கும் உரிமையிருக்கு. தாய் குவைத்ல உழைக்கிறா எண்டா அதையும் கோர்ட் பார்க்கும், அதுக்காக தகப்பன் கழண்டு போக ஏலா. "அவ ஒழுக்கமில்ல சேர்" எண்டு சில பேர் போட்டோவெல்லாம் கொண்டு வருவாங்க (போனை அடுத்த ஆள்ட கையில குடுக்கவும் வெக்கமில்ல), அது மெய்யெண்டு நிரூபிச்சாலும் மனிசிட தாபரிப்புத்தான் போகும், பிள்ளைட பங்குல ஒரு சதம் குறையாது. முஸ்லிம் ஆக்கள் வந்தா அவங்கட குடும்ப வழக்குப் பார்க்கிற காதி நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லித்தான் அனுப்புற.

எங்கட பக்கத்துல வீடு வளவு பொம்புளைப் பிள்ளைக்குத்தானே, அதால குடும்பம் பிரிஞ்சா மனுசன்தான் பேக்கத் தூக்கிக்கிட்டு தாய் வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ போற. பிள்ளையள் அம்மம்மாவோட அங்கனயே நிண்டுரும். எங்கட பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்துல தகப்பனுக்கு முன்னுரிமை எண்டு சேர் சொல்லுவார், அதுக்கு மேல பிள்ளைட நலன்தான் எண்டும் சொல்லுவார், ஆனா இஞ்ச அந்த வாதத்துக்கே ஆக்கள் போறல்ல, ஏனெண்டா படலைய அம்மம்மா பூட்டினா முடிஞ்சுது.

ஒரு மேசன் தம்பி சிஆர் கொப்பி (தடிச்ச மட்டைக் கொப்பி) ஒண்டு கொண்டு வந்தார். பால்மாப் பெட்டி, செருப்பு, காய்ச்சலுக்கு மருந்து, பேத்டே கேக் எண்டு எல்லாம் திகதி போட்டு பென்சிலால எழுதியிருந்துது, ஒண்டுக்கும் பில் இல்ல. கோர்ட் கட்டச் சொன்ன காசு மட்டும் நாலஞ்சு மாசமாக் கட்டல்ல, வாரண்டும் வந்துட்டு. பார்க்க விடாட்டி அதுக்கெண்டு மனுப் போடலாம்தானே எண்டன். "என்ட புள்ளைய நான் பார்க்க கோர்ட் ஏறணுமாண்ணன்?" எண்டார். எனக்கு அவர்ல பாவமாத்தான் இருந்துது, ஆனா கொப்பிய நீதவான் பார்க்க மாட்டார், நிலுவையத்தான் பார்ப்பார், கட்டாட்டி மறியல் (சிறை). மாசச் சம்பளக்காரரெண்டா சம்பளத்துலயே பிடிக்கச் சொல்லியும் கட்டளை போடலாம், கூலி வேலைக்காரருக்கு அதுவும் இல்ல.

பதினெட்டு வயசோட முடிஞ்சுது எண்டு நினைக்கிறவங்களும் இருக்காங்க. படிச்சுக்கிட்டிருக்கிற பிள்ளைக்கு 25 வயசு வரைக்கும் கேக்கலாம், பிள்ளையே நேர கேக்கலாம். கெம்பஸ் கிடைச்ச ஒரு புள்ள அடையாள அட்டையோட தனிய வந்து, "அப்பாவ ரிமாண்ட் பண்ணுவாங்களாண்ணா?" எண்டு அதத்தான் முதல் கேட்டாள். இல்லம்மா, முதல்ல அழைப்பாணைதான், கட்டளை போட்டும் கட்டாட்டித்தான் அந்தப் பேச்சு எண்டன். அப்ப முதல்ல ஒரு கடிதம் அனுப்பிப் பார்ப்பம் எண்டாள், சேரும் சரியெண்டார். அந்தக் கிழமையே தகப்பன் போன் எடுத்தார், சத்தம் போடப் போறார் எண்டுதான் நினைச்சன், பாங்க் எக்கவுண்ட் ஆர்ட பேர்ல எண்டுதான் கேட்டார். மகள்ட பேர்லதான் எண்டதும், நம்பர மெசேஜ் பண்ணுங்க தம்பி, தாய்ட பேர்ல எண்டா போட மாட்டன் எண்டுதான் இருந்தன் எண்டார்.