தோடியின் காந்தாரத்தைக் காட்டித்தரும் மென்பொருள்

பாட்டு படிக்கிற பிள்ளைகளுக்குத் தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது அதன் 'க' சுரத்தை, விளங்கப்படுத்துவது லேசுப்பட்ட வேலையில்லை. அந்தச் சுரம் ஓரிடத்தில் நிற்காது. வெள்ளவத்தையில் என் வகுப்பில் இப்போதெல்லாம் பாடிக் காட்டிய கையோடு சோனிக் விஷுவலைசர் என்ற ஒலியை ஆராயும் மென்பொருளைத் திறந்து, ஒலிப்பதிவைப் போட்டு, சுருதியைக் கண்டுபிடிக்கும் 'பியின்' (pYIN) என்ற செருகியை, அதாவது அதோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரலை, ஓடவிடுவேன். குரல் போன வழி அப்படியே ஒரு கோடாகத் திரையில் ஏறி இறங்கும். "இவ்வளவு ஆட்டமா மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், அன்றைய வகுப்பு களைகட்டிவிடும்.

சோனிக் விஷுவலைசர் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவானது. முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. பார்சிலோனாவில் உருவான, இசையை ஆராயும் எசென்ஷியா மென்பொருளும் அப்படித்தான். நம்முடைய கர்நாடக இசையை ஆராய்ந்த காம்ப்மியூசிக் திட்டமும் எசென்ஷியாவை உருவாக்கிய அதே குழுவினுடையதுதான்.

ஆனால் இப்படியான மென்பொருள்கள் பெரும்பாலும் ஆராய்ச்சி நிதியில் பிறப்பவை. நிதி முடிந்துவிடும், வேலை முடியாது. விண்டோஸ் மாறும், மேக் மாறும், ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ராத்திரியில் உட்கார்ந்து பிழை திருத்த வேண்டும். அந்த ஆளுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது.

அதனால் நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் தளத்தில் நன்கொடைக்கு வழி இருந்தால், ஒரு கொத்துரொட்டிக் காசையாவது அனுப்புங்கள். டாலர் விற்கிற விலையில் அதுவும் கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். அப்படியென்றால் கண்ட பிழையை விவரமாக எழுதி அனுப்புங்கள், ஆய்வுக் கட்டுரையில் மென்பொருளின் பெயரை மறக்காமல் போடுங்கள். அடுத்த நிதிக்கு விண்ணப்பிக்கும்போது அவர்களுக்கு அதுவும் உதவும்.