பயப்படுகிற நாளில்

விசுவாசிக்குப் பயம் வரலாமா என்ற கேள்வியை நம் சபைகளில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. வரக்கூடாது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆகவே பயந்துபோன ஒரு விசுவாசி இரண்டு பாரங்களைச் சுமக்கிறார். நோயோ கடனோ பிள்ளைகளின் எதிர்காலமோ தருகிற பயம் ஒன்று. இப்படிப் பயப்படுகிறேனே, என் விசுவாசம் எங்கே போயிற்று என்ற குற்ற உணர்வு மற்றொன்று. முதல் பாரத்தையாவது ஜெபக்குறிப்பாகச் சொல்லிவிடலாம். இரண்டாவதை யாரிடமும் சொல்ல முடிவதில்லை. வேதம் இந்த இரண்டாவது பாரத்தை யார்மேலும் சுமத்தவில்லை என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது 56ஆம் சங்கீதம்.

பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊரில் பிடித்தபோது பாடப்பட்டது என்று அந்தச் சங்கீதத்தின் தலைப்பு சொல்கிறது. காத் ஊருக்கு அவன் வந்து சேர்ந்த கதை 1 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடுகிற தாவீது, ஆசாரியனாகிய அகிமெலேக்கிடம் அப்பம் வாங்கிக்கொண்டு, கையில் ஆயுதம் ஏதும் உண்டா என்று கேட்கிறான். அங்கே இருந்த ஒரே ஆயுதம், அவனே வெட்டி வீழ்த்திய கோலியாத்தின் பட்டயம். அதை எடுத்துக்கொண்டு அவன் போய் நின்ற இடமோ கோலியாத்தின் சொந்த ஊராகிய காத். அந்த ஊர் ராஜாவின் ஊழியக்காரர் அவனை இன்னான் என்று அடையாளம் கண்டுகொண்டவுடன் அவன் மிகவும் பயந்தான் என்று வேதம் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறது. பித்துப் பிடித்தவனைப்போல் வாசற்கதவுகளைக் கீறிக்கொண்டு, தாடியில் நுரை வழிய நிற்கிறான். கவணும் ஐந்து கூழாங்கற்களுமாய் அந்த இராட்சதனை நோக்கி ஓடிய அதே தாவீதுதான் இவன். ஒருமுறை பெற்ற தைரியம் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று நினைப்பவர்கள் இந்த அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்.

அந்த நாட்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவன், "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று பாடுகிறான். பயம் நீங்கிய பிறகு நம்புவேன் என்று சொல்லவில்லை. அடுத்த வசனத்திலேயே, "தேவனை நம்பியிருக்கிறேன், நான் பயப்படேன்" என்கிறான். அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. தன் காலடிகளைக் கவனித்துத் திரிகிற சத்துருக்கள் மறுபடியும் அவன் நினைவுக்கு வருகிறார்கள், கண்ணீர் வருகிறது, அந்தக் கண்ணீரைத் தோற்பையாகிய துருத்தியில் சேர்த்து வைக்கும்படி தேவனைக் கேட்கிறான். பிறகு 11ஆம் வசனத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதுபோல, "தேவனை நம்பியிருக்கிறேன், நான் பயப்படேன்" என்று அதையே சொல்கிறான். பதின்மூன்றே வசனங்களுக்குள் பயத்திலிருந்து நம்பிக்கைக்கும், நம்பிக்கையிலிருந்து கண்ணீருக்கும், கண்ணீரிலிருந்து மறுபடி நம்பிக்கைக்கும் போய்வருகிற இந்த மனம் எனக்கு மிகவும் ஆறுதலாக இருக்கிறது. ஒரே இரவில் நாலு தடவை அதே ஜெபத்தைச் செய்கிறவரின் மனமும் இப்படித்தானே இருக்கிறது?

வேதாகமத்தில் "பயப்படாதே" என்ற வார்த்தை 365 தடவை வருகிறது, நாளுக்கு ஒன்று என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு சரிவருவதில்லை. சரிவர வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வார்த்தையோடு கூடவே சொல்லப்படுகிற காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏசாயா 41:10ல், "நீ பயப்படாதே" என்பதற்குக் காரணமாக, உனக்கு ஒன்றும் நேராது என்று கர்த்தர் சொல்லவில்லை. "நான் உன்னுடனே இருக்கிறேன்" என்கிறார். நேபுகாத்நேச்சார் ராஜா நிறுத்திய சிலையை வணங்க மறுத்து அக்கினிச்சூளையின் முன் நின்ற மூன்று பேரும் இதை அறிந்திருந்தார்கள். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன அதே மூச்சில், அவர் தப்புவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம் என்றும் ராஜாவிடம் சொன்னார்கள். விளைவு எதுவாயிருந்தாலும் கூட இருப்பவர் மாறமாட்டார் என்பதே அவர்கள் காலூன்றி நின்ற தரை.

என் தாயாரின் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த ஓர் இரவில் எனக்கு இது ஏட்டுப் படிப்பாக இல்லாமல் போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்; உள்ளங்கைகள் வியர்த்துக்கொண்டே இருந்தன; எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வசனங்கள் ஒன்றும் நாவில் வரவில்லை. கடைசியில், "ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது, அவர்கள் வேதனைப்படுவதைப் பார்க்க என்னால் முடியாது என்று பயமாக இருக்கிறது" என்று ஒவ்வொரு பயத்தையும் அதன் பெயரைச் சொல்லி அவரிடம் வைத்தேன். பயம் உடனே பறந்துபோகவில்லை. ஆனால் அதுவரை என்னோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்த நான், அப்போதுதான் ஆண்டவரோடு பேசத் தொடங்கினேன். விடிந்ததும் அம்மாவின் கட்டிலருகே போய் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளவும், அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு மழுப்பாமல் பதில் சொல்லவும் எனக்குப் பெலன் இருந்தது. அந்தப் பெலன் என்னிடத்திலிருந்து வந்ததல்ல என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

இப்படிப் பயத்தை அப்படியே ஒப்புக்கொண்ட ஜெபம் ஒன்று வரலாற்றிலும் இருக்கிறது. 1956 ஜனவரி 27ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், பேருந்துகளில் கறுப்பின மக்களைப் பிரித்து வைத்ததற்கு எதிரான பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டத்தை நடத்திக்கொண்டிருந்த இளம் போதகர் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டுக்குக் கொலை மிரட்டல் தொலைபேசியில் வந்தது. அப்போது அவருக்கு வயது 27. மனைவியும் கைக்குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தூக்கம் வராமல் எழுந்து காப்பி போட்டு, அதைக் குடிக்காமல் சமையலறை மேசையில் தலைகவிழ்ந்து உட்கார்ந்து, தான் பயப்படுவதையும், தன் பெலன் தீர்ந்துபோனதையும், இனித் தனியாக இதைத் தாங்க முடியாது என்பதையும் சத்தமாகவே தேவனிடம் சொன்னதாக அவரே பின்னாளில் விவரித்திருக்கிறார். தேவன் தம்மோடு இருப்பதை அந்த மேசையில்தான் அதுவரை இல்லாத விதமாக அவர் உணர்ந்தார். மூன்று நாட்களில், ஜனவரி 30ஆம் தேதி, அவர் வீட்டின்மேல் வெடிகுண்டு வீசப்பட்டது. மனைவியும் குழந்தையும் காயமின்றித் தப்பினார்கள். ஆத்திரத்தோடு திரண்ட கூட்டத்தை வீட்டு முகப்பில் நின்று அவர் அமைதிப்படுத்தி அனுப்பினார். அந்த ஜெபம் குண்டைத் தடுக்கவில்லை. குண்டு வெடித்த இரவில் நிற்க வேண்டிய விதமாய் அவரை நிற்க வைத்தது.

பயந்தவர்களைக் கடிந்துகொள்ள நம்மிடையே அதிகமாகப் பயன்படுகிற வசனம் 1 யோவான் 4:18 என்று நினைக்கிறேன். "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்பதைச் சொல்லி, நீ பயப்படுகிறாய், ஆகவே உன் அன்பில் குறை இருக்கிறது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதற்கு முந்தின வசனத்தை வாசித்தால், யோவான் நியாயத்தீர்ப்பு நாளைப்பற்றிப் பேசுவது தெரியும். தேவன் என்னைத் தள்ளிவிடுவாரோ, தண்டித்துவிடுவாரோ என்கிற பயத்தையே அவர் அங்கே குறிப்பிடுகிறார். எல்லாப் பயங்களுக்கும் வேர் அதுதான். சிலுவையில் தீர்க்கப்பட்டதும் அதுதான். தேவன் எனக்கு விரோதமாக இல்லை என்பது உறுதியானபின், மற்றப் பயங்கள் வந்தாலும், கடைசி வார்த்தையைச் சொல்லும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் திகிலடைந்து வியாகுலப்பட்ட நம் ஆண்டவரே அந்த அதிகாரத்தை அவற்றிடமிருந்து எடுத்துப்போட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து வாட்டும் பயமும் படபடப்பும் சிலருக்கு நோயாகவே இருக்கின்றன. அதற்கு மருத்துவரிடம் போவதும் மாத்திரை சாப்பிடுவதும் அவிசுவாசம் ஆகாது. தன்னைக் கொல்வதாக மிரட்டிய யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குக் கர்த்தர் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். ஓரேப் மலையில் பேசியது அதற்கப்புறம்தான்.

கொரிந்துவுக்குப் போனபோது பவுலும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்தான் இருந்தார். 1 கொரிந்தியர் 2:3ல் அவரே அதை எழுதுகிறார். அந்த ஊரில் ஓர் இராத்திரி கர்த்தர் தரிசனத்தில், பயப்படாமல் பேசு, நான் உன்னுடனேகூட இருக்கிறேன் என்று சொன்னதோடு, இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு என்றும் சொன்னார். அந்த ஜனங்களில் சிலரின் பெயர்கள்கூட அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தங்கள் வீட்டில் அவருக்கு இடமும் வேலையும் கொடுத்தார்கள். சீலாவும் தீமோத்தேயுவும் மக்கெதோனியாவிலிருந்து வந்து சேர்ந்தார்கள். யுஸ்து தன் வீட்டைத் திறந்துகொடுத்தார். பவுல் ஒரு வருஷமும் ஆறு மாதமும் அங்கே தங்கிப் போதித்தார். இந்த அதிகாரத்தைச் சேர்ந்து வாசித்தபின் எங்கள் ஜெபக்குழுவில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. யாராவது பயமாக இருக்கிறது என்று சொன்னால், என்ன பயம் என்று முழுவதும் கேட்கிறோம், அவரோடு முழங்காலிடுகிறோம், எழுந்திருக்கும் முன்னே அந்த நாளில் அவரோடு ஆஸ்பத்திரிக்கோ நீதிமன்றத்துக்கோ யார் போவது என்பதையும் முடிவு செய்துகொள்கிறோம்.