சொதியும் ஆனித் தேரும்

ஜெர்மனிக்குக் குடிவந்த பிறகு என்னை மிகவும் ஏங்க வைப்பது எங்கள் திருநெல்வேலிச் சொதிதான். கல்யாணத்துக்கு அடுத்த நாள் மறுவீட்டு விருந்தில் பரிமாறும் அந்தச் சொதிக்கு, தேங்காயைத் துருவி அரைத்து மூன்று பால்களையும் தனித்தனியே பிழிந்து வைத்துக்கொண்டு, மூன்றாம் பாலில் முருங்கைக்காயையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, குழைந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியாக முதற்பாலை ஊற்றியதும் கொதிக்க விடாமல் இறக்கிவிட வேண்டும். பால் திரிந்துவிடக் கூடாதே என்று எங்கள் பெரியம்மை அடுப்படியை விட்டு நகரவே மாட்டார். இத்தனை தேங்காய்ப்பாலும் செரிக்க வேண்டும் என்பதற்காகவே இலையில் இஞ்சிப் பச்சடியும் வைப்பார்கள். அது எத்தனை அருமையான ஏற்பாடு! இங்கே டின்னில் கிடைக்கும் தேங்காய்ப்பாலில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அந்த மணம் வருவதில்லை.

ஆனி மாதம் பிறந்துவிட்டால் மனம் இன்னும் தவிக்கிறது. நெல்லையப்பர் கோயிலின் பெரிய தேரை இன்றைக்கும் மக்களே வடம் பிடித்து ரத வீதிகளைச் சுற்றி இழுத்து நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். நேரலையில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் வடம் உள்ளங்கையில் உரசும் எரிச்சலும், முன்பின் தெரியாதவர் "ஏலே, சேர்ந்து இழுலே" என்று உரிமையோடு அதட்டுவதும் திரையில் கிடைக்காது. நல்ல வேலையும் பிள்ளைகளுக்கு நல்ல படிப்பும் தந்த இந்த நாட்டின் மீது எனக்கு நன்றி உண்டு. அந்த உரிமைக் குரலைத்தான் இங்கே எங்கும் கேட்க முடியவில்லை.

வரும் ஆனிக்கு விடுப்புக் கேட்டிருக்கிறேன். டவுணில் இருக்கும் சொந்தங்கள் தேரோட்ட நாள் உறுதியானதும் தெரிவித்தால், உடனே பயணச்சீட்டு எடுத்துவிடுவேன்.