தகரப் பெட்டியைப் பங்கு போடும் முன்: போரில் இறந்தவரின் உடைமைகளை என்ன செய்வது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய வீட்டை விற்கும்போதோ, வீட்டின் கடைசிப் பாட்டி போன பிறகோ, அலமாரி மேலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கும். உள்ளே இரண்டு மூன்று பதக்கம், ஒரு கட்டுக் கடிதம், மங்கிப்போன படம், சில பித்தளைப் பொத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பி வராத பெரிய தாத்தாவுடையது. அவரை நேரில் பார்த்தவர் யாரும் இப்போது இல்லை. பெட்டி திறந்த அரை மணி நேரத்தில் பேச்சு தொடங்கிவிடும்: பதக்கம் மூத்தவன் வீட்டுக்கு, கடிகாரம் எனக்கு, கடிதத்தை யாருக்குப் படிக்கத் தெரியும், தூக்கிப் போடு. இப்படிப் பல பெட்டிகளைப் பட்டியலிட்டுப் பழகியதில் சொல்கிறோம்: பூச்சியும் ஈரமும் எழுபது வருஷத்தில் செய்யாத சேதத்தை அந்த அரை மணி நேரம் செய்துவிடும்.

கையை உள்ளே விடும் முன் ஒரு எச்சரிக்கை. வெடிக்காத தோட்டாவையும், காகிதப் பாரமாக வைத்திருந்த கைக்குண்டையும் இந்த மாதிரிப் பெட்டிகளில் பார்க்கலாம். அன்னாசிப்பழம் போலக் கட்டம் கட்டமாக இருக்கும் இரும்பு உருண்டை எதையாவது கண்டால் தூக்காதீர்கள், குலுக்காதீர்கள், காரில் வைத்துப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் போலீஸின் 10111ஐக் கூப்பிடுங்கள். துப்பாக்கி இருந்தால் 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 'தாத்தாவின் நினைவுப் பொருள்' என்ற பேச்சு அங்கே எடுபடாது. உயிருள்ள தோட்டாவுக்கும் அதே கதைதான்.

அடுத்தது பட்டியல். பெட்டியில் எது எதன் மேல் இருக்கிறது என்று மேலிருந்து கீழாக ஒவ்வொரு அடுக்கையும் செல்போனில் படம் எடுங்கள். பிறகு ஒரு பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பில் ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். 1, 2, 3 என்று எண், பொருள் என்ன, அளவு, மேலே பொறித்திருப்பது எழுத்துக்கு எழுத்து, எதனோடு சேர்ந்து கிடந்தது. கடைசி விவரத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். மோதிரம் ஒரு கடித உறைக்குள் இருந்தது என்றால் அந்த உறைதான் மோதிரம் யாருடையது என்று சொல்லும். பிரித்து வைத்துவிட்டால் அது வெறும் மோதிரம். படத்தின் பின்னால் எண் எழுத மென்மையான பென்சில் மட்டும். பால்பாயிண்ட் அழுத்தம் முன்பக்கம் தடம் விடும், மை கசியும்.

பெட்டிக்குள் பெரும்பாலும் மூன்று விதப் பொருள் கலந்து கிடக்கும். முதலாவது, அவர் போர்முனையில் வைத்திருந்தவை: பர்ஸ், கடிதம், சவரக் கத்தி, சாமி படம். படைப்பிரிவு இவற்றைத் திரட்டிப் பட்டியல் போட்டு வீட்டுக்கு அனுப்பியது. சீருடையும் கருவிகளும் அரசாங்கச் சொத்து என்பதால் அவை திரும்பி வராது. இரண்டாவது, போர் முடிந்தபின் அரசாங்கம் குடும்பத்துக்கு அனுப்பியவை. பதக்கம் இதில் சேரும். பதக்கத்தை அவர் கையால் தொட்டிருக்கவே மாட்டார். மூன்றாவது, வீட்டுக் காகிதங்கள். டர்பனில் இந்தியர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் சாட்ஸ்வொர்த்துக்கு ஜனங்களை அப்புறப்படுத்திய காலத்தில், மிஞ்சிய காகிதம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் போயிருக்கிறது. ஆகவே பெட்டியில் இருப்பதெல்லாம் அவருடையது என்று நினைக்க வேண்டாம். முழுச் சீருடை ஒன்று இருந்தால் விடுப்பில் வந்தபோது விட்டுப் போனதா, உயிரோடு திரும்பிய தம்பியுடையதா என்று பாருங்கள்.

இந்தக் கலப்பில் அடிக்கடி தடுமாற வைப்பது எண்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு இப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். ஆகவே அந்த எண் அதிகம் போனால் ஆறு இலக்கம், முன்னால் எழுத்து இருக்காது. படைவீரர் எண் வேறு. தென்னாப்பிரிக்கப் படையில் இந்தியருக்கும் மலாய்க்காரருக்கும் என்று இருந்த இந்திய மலாய்ப் படைப்பிரிவில் சேர்ந்தவர்களுக்கு எண்ணுக்கு முன்னால் 'எம்' என்ற ஆங்கில எழுத்து வரும். திருமணப் பத்திரத்தில் உள்ள கொள்ளுத்தாத்தாவின் காலனி எண்ணைப் படைவீரர் எண் என்று நினைத்து விண்ணப்பம் அனுப்பினால், அப்படி ஒருவர் இல்லை என்றுதான் பதில் வரும்.

சரியான எண் பதக்கத்திலேயே இருக்கும். இதில் தென்னாப்பிரிக்கக் குடும்பங்களுக்கு ஒரு வசதி. இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களைப் பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. தென்னாப்பிரிக்கா எண், முதலெழுத்து, குடும்பப் பெயர் மூன்றையும் பொறித்துக் கொடுத்தது. வட்டப் பதக்கமென்றால் விளிம்பில், நட்சத்திர வடிவமென்றால் பின்புறத்தில் பாருங்கள். முன்புறம் ஆப்பிரிக்க வரைபடமும் பின்புறம் துள்ளும் ஸ்பிரிங்பாக் மானும் இருந்தால் அது ஆப்பிரிக்கச் சேவைப் பதக்கம். மணல் நிற நாடாவின் நடுவில் சிவப்புக் கோடு இருந்தால் ஆப்பிரிக்க நட்சத்திரம், அதாவது பெரும்பாலும் வட ஆப்பிரிக்கா. பொறித்திருப்பதைப் படிக்க வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து காட்டிப் படம் எடுங்கள். பிராஸோ போட்டுத் தேய்த்துவிட்டுப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் எழுத்தின் கூர்மை கொஞ்சம் போகும், நாடாவில் வெள்ளைக் கறை பிடிக்கும். தீபாவளிக்குக் குத்துவிளக்கைத் தேய்க்கும் கையோடு பதக்கத்தையும் தேய்த்து, பெயரே இல்லாமல் ஆக்கிய வீடுகள் உண்டு.

எண் கிடைத்தால் இரண்டு இடத்தில் தேடலாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல் இலவசம். இறந்த தேதி, கல்லறை அல்லது நினைவுச் சுவர் அதில் தெரியும். பிரிட்டோரியாவை அடுத்த ஐரீனில் உள்ள பாதுகாப்புப் படை ஆவண மையத்துக்கு எழுதிச் சேவைப் பதிவைக் கேட்கலாம். இரண்டிலும் பெயரின் எழுத்துக்கூட்டல்தான் சிக்கல். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார், பிள்ளை 'பிள்ளே' ஆனார். சில பதிவுகளில் அப்பா பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. தெரிந்த எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதுங்கள். சிவப்புக் கலந்த பழுப்பு நிறத்தில், நார் அட்டையால் ஆன வட்டத் தகடு ஒன்று இருந்தால் அது வீரரின் அடையாளத் தகடு, அதை ஈரம் படாமல் தனியே வையுங்கள். வட்டத்தை எடுத்துக்கொண்டு பச்சை நிற எண்கோணத் தகட்டை உடலோடு விடுவதுதான் அந்தக் காலப் பிரிட்டிஷ் படைகளின் முறை.

ஒரு கசப்பான விஷயம். இந்திய மலாய்ப் படைப்பிரிவினருக்கு அன்றைய அரசாங்கம் ஆயுதம் கொடுக்கவில்லை. லாரி ஓட்டினார்கள், காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள், சமைத்தார்கள். 'தாத்தா டாங்கியைச் சுட்டார்' என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அதைக் குடும்பக் கதை என்று தனியே குறியுங்கள், பட்டியலில் உண்மையாக எழுதாதீர்கள். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது கையில் ஒன்றுமில்லாமல் ஸ்ட்ரெச்சர் தூக்கியவருக்கு இட்டுக்கட்டிய வீரம் தேவையில்லை.

கடிதங்களுக்கு வருவோம். பெட்டியிலேயே விலை மதிப்பில்லாதது இதுதான், முதலில் குப்பைக்குப் போவதும் இதுதான். டர்பனில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் குறைவு. படிக்கத் தெரிந்தவரும் முதல் வரியில் திணறுவார். எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978இல்தான் தமிழ்நாட்டில் வந்தது. அதற்கு முந்தைய கடிதங்களில் றா, னா, ணா மூன்றும் சுழித்த வடிவில், லை, னை, ணை, ளை நான்கும் யானைத் தும்பிக்கை போன்ற கொம்போடு இருக்கும். பலர் புள்ளி வைக்கவே மாட்டார்கள். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கண்ணால் படித்துக் குழம்புவதைவிட வாய்விட்டு வாசித்தால் பேச்சுத்தமிழ் காதில் விழும், சொல் பிரியும். பக்கத்தின் தலையில் உள்ள 'உ' பிள்ளையார் சுழி. அதை 2 என்று பக்க எண்ணாகப் பதிந்த பட்டியல்களைத் திருத்த வேண்டி வந்திருக்கிறது. மூலையில் மஞ்சள் கறை இருந்தால் அது மஞ்சள் தடவியது, நல்ல செய்தி வந்த கடிதம். துடைக்க வேண்டாம்.

தேதியும் தமிழில் இருக்கலாம். சித்திரபானு வருஷம் என்றால் 1942 ஏப்ரல் நடுப்பகுதி முதல் 1943 ஏப்ரல் வரை. அதற்கு முந்தையது விஷு, பிந்தையது சுபானு. இது ஏன் முக்கியம் என்றால், லிபியாவில் உள்ள டோப்ருக் ஜெர்மன், இத்தாலியப் படைகளிடம் விழுந்தது 1942 ஜூன் 21, அதாவது சித்திரபானு ஆனி. அன்று அங்கே சிறைபிடிக்கப்பட்டவர்கள் சுமார் 33,000 பேர். மூன்றில் ஒரு பங்கு தென்னாப்பிரிக்கர்கள். கடைசிக் கடிதம் ஆனிக்கு முந்தையதா, பிந்தையதா என்பதை வைத்தே அவர் எங்கே போனார் என்ற தேடல் திசை மாறும். இத்தாலிய முத்திரையும் 'பி.ஜி.' என்ற எழுத்தும் ஒரு எண்ணும் உள்ள அஞ்சலட்டை கிடைத்தால், அவர் டோப்ருக்கில் சாகவில்லை, போர்க் கைதியாக இத்தாலிய முகாமுக்குப் போயிருக்கிறார். இதற்காகத்தான் உறையைத் தூக்கிப் போடக் கூடாது என்கிறோம். தபால் முத்திரை, தணிக்கை முத்திரை எல்லாம் உறையில்தான் இருக்கும்.

மடித்த கடிதம் விறைத்திருந்தால் வலிந்து பிரிக்காதீர்கள், மடிப்பிலேயே கிழியும். டர்பன் காற்றின் ஈரமே போதும். ஒருநாள் நிழலில் திறந்து வைத்தால் தளரும். செலோடேப் வேண்டாம், லாமினேஷன் வேண்டவே வேண்டாம். லாமினேட் செய்ததைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. கடிதத்தை 300 டிபிஐ, படத்தை 600 டிபிஐ அளவில் இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள், வெற்றுப் பக்கமானாலும். பிறகு அமிலமற்ற காகித உறை அல்லது பாலியெஸ்டர் உறை. கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி ஆல்பத்தில் வைத்தால் சில வருஷத்தில் படம் அதோடு ஒட்டிக்கொள்ளும், பதக்கத்தில் பச்சை பூக்கும்.

கம்பளித் துணியில் பூச்சி இருந்தால் அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி துணிக்கும் பொத்தானுக்கும் நமக்கும் கெடுதல். துணியைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி, டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த துணியில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். தோல், படம், பதக்கம் எதையும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். கராஜ், தகரக் கூரைக்கு அடி, கடலைப் பார்த்த சன்னல் மூன்றும் வேண்டாம்.

சாமி அறையில் மாட்டியிருக்கும் படத்தைப் பற்றிப் பேசினால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறோம். விளக்குப் புகையும் குங்குமமும் மாலையின் ஈரமும் படத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன. ஸ்கேன் எடுத்துப் பெரிய பிரதி போட்டு அதை மாட்டுங்கள், அசலை உள்ளே வையுங்கள். புரட்டாசியில் படையல் போடும்போது பிரதிக்கும் பொட்டு வைக்கலாம். பழைய பொட்டைச் சுரண்டி எடுக்க முயல வேண்டாம். எத்தனை வருஷம் கும்பிட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுவும் சாட்சி.

இவ்வளவும் ஆன பிறகுதான் யாருக்கு எது என்ற பேச்சு. பதக்கங்களை ஆளுக்கொன்றாகப் பிரிக்காதீர்கள். தொகுதியாக இருக்கும்போது அவை ஒரு மனிதரின் வரலாறு. தனித்தனியாகப் பிரிந்தால் பழைய பொருள் வியாபாரிக்கு லாபம். ஒரு வீடு பொறுப்பில் வைத்துக்கொண்டு, எல்லா வீட்டுக்கும் ஸ்கேனும் பட்டியலும் கொடுப்பதுதான் சண்டையைக் குறைக்கும். கடிகாரம், பேனா, பொத்தான் போன்றவற்றை, எங்கே போயிற்று என்று பட்டியலில் குறித்துவிட்டுப் பங்கிடலாம். சட்டப்படி அந்தப் பெட்டி, பாதுகாத்து வந்த பாட்டியின் சொத்தோடு சேர்ந்திருக்கலாம். எல்லாக் கிளையிலிருந்தும் ஒருவராவது கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருக்கட்டும். பிள்ளைகள் பெர்த்துக்கோ டொராண்டோவுக்கோ எடுத்துப் போவதாக இருந்தால், அனுமதி தேவையா என்று தென்னாப்பிரிக்கப் பாரம்பரிய வள முகமையிடம் முதலில் கேளுங்கள். 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டம் ராணுவப் பொருள்களையும் பாரம்பரியப் பொருளாக அறிவிக்க இடம் தருகிறது.

அருங்காட்சியகத்துக்குத் தருவதென்றால், எது எங்கே சேரும் என்று யோசியுங்கள். தமிழ்க் கடிதங்களுக்கு வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி லுத்துலி ஆவண மையமோ டர்பனின் 1860 பாரம்பரிய மையமோ பொருத்தம். சீருடை, பதக்கம் என்றால் ஜோஹன்னஸ்பர்க்கின் டிட்சாங் ராணுவ வரலாற்று அருங்காட்சியகம். ஆனால் பதக்கத்தை அங்கும் கடிதத்தை இங்கும் கொடுத்தால் நாமே பிரித்தவர்களாகிவிடுவோம். ஓரிடம் அசலை எடுத்துக்கொண்டு மற்றதற்குப் பிரதி தருவது நல்லது. கையெழுத்துப் போடும் முன் தாளில் நான்கு விஷயம் இருக்கிறதா பாருங்கள்: நன்கொடையா இரவலா, குடும்பத்துக்கு ஸ்கேன் பிரதி உண்டா, கடிதத்தை வெளியிட யார் அனுமதி, நாளை அவர்களுக்கு வேண்டாமென்றால் முதலில் நம்மைக் கேட்பார்களா. காட்சிக்கு வைப்போம் என்று எந்த அருங்காட்சியகமும் எழுதித் தராது. தரவில்லை என்று கோபப்பட்டுப் பெட்டியைத் திருப்பி எடுத்து வருவதில் பயனில்லை, கிடங்கில் இருந்தாலும் அங்கே ஈரம் அளந்து பார்க்கப்படும்.

சவரக் கத்தி, சீப்பு மாதிரி உடம்போடு பட்ட பொருள்களை வீட்டில் வைக்கக் கூடாது, உம்கேனி முகத்துவாரத்தில் விட்டுவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் எதிர்த்து நிற்காதீர்கள். படம் எடுத்து, பட்டியலில் தேதியோடு குறித்துவிட்டு விடலாம். சவரக் கத்தி போன்ற உலோகத்தை மட்டும் தண்ணீரில் போட வேண்டாம்.

மிச்சத்தை அடுக்கி மூடும்போது பட்டியலின் ஒரு நகலைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக மூடியின் உட்புறத்தில் ஓர் உறையில் வையுங்கள். அடுத்த முறை இதைத் திறப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று நிச்சயமில்லை.