வீடு பார்க்கப் போறீங்களா?

புது வேலைக்காக வீடு மாறுறவங்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் போய் வீடு பார்க்காதீங்க. ரோடு காலியா இருக்கும், ஏமாந்துடுவீங்க. வேலை நாள்ல, ஆபீஸ் கிளம்புற அதே நேரத்துக்கு, வீட்டு வாசல்லருந்து ஆபீஸ்ல உங்க சீட் வரைக்கும் போய்ப் பாருங்க. வண்டி நிறுத்துறது, லிஃப்டுக்கு நிக்கிறதும் கணக்குல சேரும்.

வாடகை கம்மின்னு தூரமா வீடு எடுத்து, ஒரு வழிக்கு 45 நிமிஷம் கூடினா, மாசம் 22 வேலை நாளுக்குப் போக வர 33 மணி நேரம். மாச வாடகைல மிச்சமாகுற காசுல கூடுதல் போக்குவரத்துச் செலவைக் கழிச்சு, 33-ஆல வகுங்க. உங்க ஒரு மணி நேரச் சம்பளத்தைவிடக் குறைவா? அப்போ அது மலிவு வீடே இல்ல.

வீட்டுக்குள்ள சமையலறைக் குழாயையும் ஷவரையும் ஒண்ணா திறந்து விடுங்க, தண்ணி வேகம் தெரிஞ்சுடும். உள்ரூம் கதவைச் சாத்திட்டு ஒரு வீடியோ காலும் பேசிடுங்க, சிக்னல் எப்படின்னு தெரிஞ்சுடும்.

ப்ரொபேஷன் (புது வேலைல சோதனைக் காலம்) முடியுற வரைக்கும் நீண்ட ஒப்பந்தம் வேண்டாம். இடையில காலி பண்ணினா அட்வான்ஸ்ல எவ்வளவு பிடிப்பாங்கன்னு எழுத்துல வாங்கிக்கோங்க.